பதினெட்டுக் கையெழுத்துகள்



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியமும் நிறமும்'. பெரிய தலைப்பு. ஒரு மாலைப் பொழுதில் அடங்காது. அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு கறுப்பர் புத்தகம் எழுதினால், அது இலக்கியம்தான் என்று யார் கையெழுத்துப் போட வேண்டும்?

அணிக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மெய்யாகவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மையைத் தொட்டு, காகிதத்தில், பெயர் எழுதி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1761ஆம் ஆண்டு. பாஸ்டன் துறைமுகம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைக் கப்பலிலிருந்து ஒரு சிறுமியை இறக்குகிறார்கள். வயது என்ன? சொல்வதற்கு உடன் யாருமில்லை. முன்பல் விழுந்திருந்தது. அதை வைத்து ஏழு இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி! ஜான் வீட்லி என்பவர் தம் மனைவிக்குப் பணிப்பெண்ணாக இருக்கட்டும் என்று அந்தக் குழந்தையை வாங்கினார். பெயர் வைக்க வேண்டுமே? வந்த கப்பலின் பெயர் பிலிஸ். அதையே வைத்தார்கள். குடும்பப் பெயர் எசமானுடையது. ஆக, பிலிஸ் வீட்லி. ஏற்றி வந்த கப்பல் பாதி, வாங்கிய வீடு பாதி. பெற்றவள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாளோ, அது கடலோடு போயிற்று.

அந்தப் பெண் அந்த வீட்டிலேயே ஆங்கிலம் கற்றாள். வேதாகமம் படித்தாள். லத்தீன் படித்தாள். பதின்மூன்று பதினான்கு வயதில் கவிதை எழுதினாள். 1772இல் நூலாக்கலாம் என்றபோது பாஸ்டனில் அச்சிட ஆள் கிடைக்கவில்லை. அடிமைப் பெண் எழுதினாள் என்றால் யார் நம்புவார்கள்? அதற்காக ஓர் அத்தாட்சி தயாரானது. இந்தக் கவிதைகளை பிலிஸ் என்ற இந்தப் பெண்தான் எழுதினாள் என்று நம்புகிறோம் என்று சொல்லி, பாஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் பதினெட்டுப் பேர் அதில் பெயர் கொடுத்தார்கள். ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் ஒருவர். பாதிரிமார் சிலர். அவளை வாங்கிய எசமானும் ஒருவர். அந்தப் பதினெட்டுப் பேரும் கூடி உட்கார்ந்து அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள் என்று ஒரு காட்சியைப் பலர் வருணிப்பதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒரு சபை கூடியதற்குப் பதிவு இல்லை. ஆனால் பெயர்கள் அச்சில் இருக்கின்றன. 1773இல் லண்டனில் வெளிவந்த அந்த நூலின் முன்பக்கங்களில் இன்றும் படிக்கலாம்.

பதினெட்டில் ஒரு பெயரை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜான் ஹான்காக். நூல் வந்து மூன்றே ஆண்டுகள் கழித்து, 1776இல், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று முழங்கிய அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் அடியில், எல்லாரையும் விடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டவர். அமெரிக்கர்கள் இன்றைக்கும் கையெழுத்துக்கு வேடிக்கையாகச் சொல்லும் பெயரே 'ஜான் ஹான்காக்'தான். அந்தக் கைதான் இதற்கும் அத்தாட்சி.

சரி, அத்தாட்சி கொடுத்தாயிற்று. பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. எழுதியது அவள்தானா என்ற கேள்வி முடிந்ததும், எழுதியது கவிதைதானா என்ற கேள்வி முளைத்தது. பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சனே, வர்ஜீனியாவைப் பற்றி எழுதிய நூலில், சமயப் பற்று அவளை உண்டாக்கியிருக்கலாம், கவிஞராக்க அதனால் முடியவில்லை என்ற பொருள்பட எழுதினார். பெயரைக்கூடத் தப்பாக எழுதினார். பிலிஸ் விடுதலை பெற்றார், மணம் புரிந்தார், இரண்டாம் தொகுதிக்கு 1779இல் முன்பதிவு கேட்டு விளம்பரம் செய்தார். போதிய ஆள் சேரவில்லை. 1784இல், முப்பது வயதைச் சற்றே தாண்டியபோது, வறுமையில் இறந்தார். அந்த இரண்டாம் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

நண்பர்களே, ஆங்கிலத்தில் 'கேனன்' என்று ஒரு சொல் உண்டு. ஓர் எழுத்துக் கூடினால் பீரங்கி ஆகிவிடும். நான் சொல்வது பீரங்கி இல்லை. வேதாகமத்தில் எந்த நூல் சேரும், எது சேராது என்று திருச்சபை வரையறுத்த பட்டியலுக்கு இட்ட பெயர் அது. நாம் திருமுறை பன்னிரண்டு என்று எண்ணிச் சொல்வதைப் போல. பிறகு இலக்கியத்துக்கும் வந்தது. கட்டாயம் படிக்க வேண்டியவர்கள், பாடத்திட்டத்தில் அசையாமல் இருப்பவர்கள், இவர்களின் வரிசைதான் கேனன்.

நான் முதுகலை படித்தபோது அமெரிக்க இலக்கியத்துக்கு ஒரு தாள் இருந்தது. எமர்சன் இருந்தார், ஹாதார்ன் இருந்தார், விட்மன் இருந்தார், ஹெமிங்வே இருந்தார். மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' இருந்தது. அந்த நாவலில் ஹக்கோடு தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் வரும் அடிமை ஜிம்மை உங்களுக்குத் தெரியும். எங்கள் தாள் முழுவதிலும் இருந்த ஒரே கறுப்பு முகம் ஜிம் மட்டும்தான். அவரும் ஒரு வெள்ளையர் எழுதிய பாத்திரம். அதில் ஏதோ குறைகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் உறைக்கவில்லை? இல்லாத ஒன்றைக் கண் எப்படித் தேடும்? இல்லாமல் போனதோ தற்செயலாக நடந்ததில்லை. தெற்கு கரோலினாவில் 1740இலேயே அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது சட்டப்படி குற்றம். பின்னர் வேறு பல தென் மாநிலங்களும் அப்படியே சட்டம் செய்தன. முதலில் எழுத்தைப் பறிப்பார்கள். பிறகு, உங்களில் எழுத்தாளர் எங்கே என்று கேட்பார்கள்.

பறித்ததை எப்படி மீட்டார்கள்? ஃபிரெடரிக் டக்ளஸ் என்ற சிறுவன் பால்டிமோர் நகரத்தில் அடிமையாக இருந்தான். எசமானி அவனுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். கணவர் கண்டார், தடுத்தார். படித்தால் அடிமைத் தொழிலுக்கு லாயக்கில்லாமல் போய்விடுவான் என்றார். சிறுவனுக்கு அந்த வார்த்தையே போதனையாகிவிட்டது. இவர் எதற்கு இவ்வளவு பயப்படுகிறாரோ, அதில்தான் வழி இருக்கிறது! தெருவில் பசியோடு திரிந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தான். பதிலுக்கு எழுத்துக் கேட்டான். ரொட்டிக்கு எழுத்து. இதைவிட நேர்மையான குருதட்சிணையை நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் தப்பிப்போய் 1845இல் தம் வரலாற்றை எழுதினார். நூலின் தலைப்புப் பக்கத்தில் 'தானே எழுதியது' என்று ஒரு வரி. நாம் நம் சுயசரிதையில் அப்படி அச்சிடுவோமா? வேறு யார் எழுதுவார்கள்? அவர் அச்சிட வேண்டியிருந்தது. அதுவும் போதவில்லை. முன்னால் வில்லியம் லாயிட் காரிசனின் முன்னுரை, அதையடுத்து வெண்டல் பிலிப்ஸின் கடிதம். இருவரும் நல்லவர்கள், அடிமைமுறையை எதிர்த்துப் போராடியவர்கள். ஆனாலும் பாருங்கள், பிலிஸ் வீட்லிக்குப் பதினெட்டு. எழுபது ஆண்டு கழித்து இவருக்கு இரண்டு. உள்ளே நுழைய வாசலில் இன்னும் வெள்ளைக் கை தேவைப்படுகிறது.

ஹாரியட் ஜேக்கப்ஸ் கதை இதைவிட விசித்திரம். எசமானின் பாலியல் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத ஒரு பரண் இடுக்கில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்த பெண். 1861இல் புனைபெயரில் தம் வரலாற்றை வெளியிட்டார். பதிப்பித்தவர் லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளைக்கார எழுத்தாளர். பிற்காலத்து ஆய்வாளர்கள் பலர் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? இதை சைல்ட் அம்மையாரே எழுதியிருப்பார், இது நாவல் என்றார்கள்! ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து, எழுதியது ஜேக்கப்ஸ்தான், நடந்தது அத்தனையும் உண்மை என்று நிறுவ 1980கள் ஆயிற்று. அத்தாட்சி இல்லாவிட்டால் நம்பவில்லை. அத்தாட்சி கொடுத்தால், கொடுத்தவரே எழுதியது என்றார்கள். என்னதான் செய்வது?

அடிமைமுறை ஒழிந்த பிறகாவது மாறியதா? பால் லாரன்ஸ் டன்பார், ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் லிஃப்ட் இயக்கிக்கொண்டே கவிதை எழுதிய இளைஞர். 1896இல் அன்றைய பெரும் விமர்சகர் வில்லியம் டீன் ஹவல்ஸ் அவரைப் பாராட்டி எழுதினார். ஒரே நாளில் நாடு முழுக்கப் பெயர். ஆனால் பாராட்டு எதற்கு? கொச்சைப் பேச்சுவழக்கில் எழுதிய கவிதைகளுக்கு. செந்நடையில் எழுதியவற்றுக்கு அந்த அளவு வரவேற்பு இல்லை. வாசகர் கூட்டம் கொச்சையையே கேட்டது. அந்தப் பாராட்டு தமக்குக் கெடுதலே செய்தது என்று டன்பார் பின்னால் நொந்துகொண்டார். ஒரு கை திறந்த கதவையே அந்தக் கை சுவராகவும் ஆக்கிவிட்டது.

இனி ரிச்சர்ட் ரைட்டிடம் வருகிறேன். இவரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1920களில், டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் வேலை பார்த்த பத்தொன்பது வயதுக்குள்ளான இளைஞர். எச். எல். மென்கென் என்ற எழுத்தாளரைச் செய்தித்தாள் ஒன்று திட்டியிருந்தது. தெற்கத்தி வெள்ளையர் ஒரு வெள்ளையரையே இப்படித் திட்டுகிறார்கள் என்றால், அந்த ஆள் அப்படி என்னதான் எழுதினார் என்று ஆசை வந்தது. ஆனால் பொது நூலகத்தில் கறுப்பருக்குப் புத்தகம் கிடையாது. உடன் வேலை பார்த்த கத்தோலிக்கர் ஒருவர், அவரையும் அங்கே மட்டமாகத்தான் பார்த்தார்கள், தம் நூலக அட்டையைக் கொடுத்தார். அந்த வெள்ளையரே எழுதியது போல ஒரு சீட்டை ரைட் எழுதினார். சந்தேகம் வரக் கூடாதே? அதனால் தம்மையே இழிவாகக் குறிப்பிட்டு எழுதினார். நூலகர் அம்மையார் நிமிர்ந்து பார்த்து, இந்தப் புத்தகங்கள் உனக்கில்லையே என்று கேட்டார். தமக்குப் படிக்கத் தெரியாது என்றார் ரைட்.

நண்பர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிலிஸ் வீட்லி, எனக்கு எழுதத் தெரியும் என்று காட்டுவதற்கு வெள்ளையர் கையெழுத்து வாங்கினார். ரிச்சர்ட் ரைட், எனக்குப் படிக்கவே தெரியாது என்று நடித்து, வெள்ளையர் பெயரில் தாமே எழுதிக்கொண்டார். முன்பு அத்தாட்சி வாங்கினார்கள். இவரோ பொய் அத்தாட்சியே தயாரித்துவிட்டார்!

அவர் 1940இல் எழுதிய 'நேட்டிவ் சன்' லட்சக்கணக்கில் விற்றது. காரணம், அஞ்சலில் மாதம் ஒரு புத்தகம் அனுப்பும் 'புக் ஆஃப் த மந்த்' சங்கம் அதைத் தேர்ந்தது. சும்மா தேரவில்லை; சில பகுதிகளை வெட்டச் சொன்னது. வெட்டினார். 1945இல் 'பிளாக் பாய்' என்ற தன்வரலாறு. தெற்கில் பட்ட பாடு முதல் பாதி. வடக்கே சிகாகோ போயும் தீராத பாடு இரண்டாம் பாதி. சங்கம் முதல் பாதி போதும் என்றது. தெற்கைக் குற்றம் சொன்னால் வடக்கத்தி வாசகருக்கு வலிக்காது பாருங்கள்! அந்த இரண்டாம் பாதி நூலாக வந்தது 1977இல். அப்போது ரைட் இறந்து பதினேழு ஆண்டுகள். ஆக, வரிசையில் இடம் கொடுப்பார்கள், ஆனால் இருக்கையின் அளவுக்கு ஆளைத் தறித்துக்கொள்வார்கள்.

வெள்ளையர் மட்டும்தானா வாசலில் நின்றார்கள்? இங்கே நான் கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற பெண். ஃபுளோரிடாவில் கறுப்பர்களே ஆண்ட ஈட்டன்வில் என்ற ஊரில் வளர்ந்தவர். நியூயார்க்கில் ஃபிரான்ஸ் போவாஸிடம் மானிடவியல் படித்தவர். திண்ணைப் பேச்சு, கதை, விடுகதை, பொய்க்கதை எல்லாவற்றையும் ஊர் ஊராகத் திரட்டியவர். 1937இல் அவர் எழுதிய நாவல், ஒரு கறுப்புப் பெண் தன் வாழ்வைத் தன் தோழியிடம் தன் பேச்சுமொழியில் சொல்லும் கதை. அதற்கு மிகக் கடுமையாக மதிப்புரை எழுதியவர் யார்? ரிச்சர்ட் ரைட். அதில் கருத்து இல்லை, செய்தி இல்லை, வெள்ளையரைச் சிரிக்கவைக்கும் கூத்துத்தான் இருக்கிறது என்ற தொனியில் எழுதினார். போராட்டம் இருந்தால்தான் இலக்கியம் என்பது அவர் அளவுகோல். ஒரு பெண்ணின் காதலும் ஒரு மாமரத்தடிப் பேச்சு போன்ற ஊர்ப்பேச்சும் அந்த அளவுகோலில் விழவில்லை. ரைட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். இந்த மதிப்புரையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹர்ஸ்டன் கடைசிக் காலத்தில் வீட்டுவேலைகூடப் பார்த்தார். 1960 ஜனவரியில் ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில் ஏழையாக இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் ரைட் பாரிசில் இறந்தார். ஹர்ஸ்டனின் உடைமைகளைத் தீயிட்டபோது, அவரை அறிந்த ஒரு கறுப்புக் காவலர் வழியில் பார்த்து, நிறுத்தி, தண்ணீர் விட்டு அணைத்தார். எரிந்தும் எரியாமலும் பிழைத்த தாள்கள் இன்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஹர்ஸ்டன் யார் என்று எந்தப் பேராசிரியரும் வந்து சொல்லவில்லை. அந்தக் காவலருக்குத் தோன்றியது, அணைத்தார்.

பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் புதைகுழிக்கு அடையாளம் இல்லை. 1973இல் ஓர் இளம் எழுத்தாளர் ஃபுளோரிடாவுக்குப் போனார். நான் ஜோராவின் மருமகள் முறை, அண்ணன் மகள் என்று பொய் சொல்லி விசாரித்தார். இடுப்பளவு புல் மண்டிய இடுகாட்டில், பாம்புக்குப் பயந்துகொண்டே தேடி, ஒரு பள்ளம் தட்டுப்பட்ட இடம் இதுதான் என்று முடிவு செய்தார். கல் கடைக்குப் போனார். கம்பீரமான கறுப்புக் கல் வாங்கக் கையில் பணம் போதவில்லை. எளிய சாம்பல் நிறக் கல் ஒன்றை நாட்டினார். அந்தப் பெண்தான் ஆலிஸ் வாக்கர். அவர் அதைக் கட்டுரையாக எழுத, ஹர்ஸ்டனின் நூல்கள் மீண்டும் அச்சேறின. இன்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அந்த 1937 நாவலைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

அந்தக் கல்லில் ஒரு பிழை இருக்கிறது. பிறந்த ஆண்டு 1901 என்று வெட்டியிருக்கிறது. உண்மையில் அவர் பிறந்தது 1891. இருபத்தாறு வயதில் இலவசமாக உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டி, பதினாறுதான் ஆகிறது என்று பத்து வயதை ஹர்ஸ்டனே மறைத்துவிட்டார்! படிக்கச் சொன்ன பொய் கல்லில் ஏறிவிட்டது. பதினெட்டுப் பெரிய மனிதர்களின் அத்தாட்சி பிழையில்லாமல் அச்சானது. ஒரு கறுப்புப் பெண் இன்னொரு கறுப்புப் பெண்ணுக்குக் கொடுத்த இந்த அத்தாட்சி பிழையோடு நிற்கிறது. எனக்கு இந்தக் கல்தான் வேண்டும்.

இந்த இடத்தில் காற்று திசை மாறுகிறது. 1968இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து கறுப்பினவியல் துறை கேட்டார்கள், பெற்றார்கள். டோனி மாரிசன் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக அமர்ந்து கறுப்பு எழுத்தாளர்களை அச்சுக்குக் கொண்டுவந்தார். அந்த வேலையில் கிடைத்த ஒரு பழைய செய்தி நறுக்கு, 1856இல் தப்பியோடிப் பிடிபடும் வேளையில் தன் குழந்தையையே கொன்ற மார்கரெட் கார்னர் என்ற தாயின் செய்தி, பின்னால் அவர் எழுதிய 'பிலவ்ட்' என்ற நாவல் ஆயிற்று. 1987இல் வந்த அந்த நாவலுக்கு தேசிய நூல் விருது கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கறுப்பு எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இறந்தார். அவருக்கும் அந்த விருதோ புலிட்சரோ கடைசிவரை இல்லை.

1988 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் புத்தக இதழில் ஓர் அறிக்கை வந்தது. நாற்பத்தெட்டுக் கறுப்பு எழுத்தாளர்களும் விமர்சகர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். மாரிசனுக்கு உரிய மரியாதை இன்னும் தரப்படவில்லை என்றார்கள். ஆலிஸ் வாக்கர் அதில் உண்டு. மாயா ஏஞ்சலோ உண்டு. இது விருதுக்கு நெருக்கடி கொடுப்பது, அநாகரிகம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். சில மாதங்களில் புலிட்சர் வந்தது, 1993இல் நோபலும் வந்தது. முகம் சுளித்தவர்களை நான் கேட்கிறேன்: 1772இல் பதினெட்டுக் கையெழுத்துக் கேட்டபோது அது நாகரிகமாக இருந்ததா? அன்று பதினெட்டில் ஒரு கறுப்புக் கைகூட இல்லை. இன்று நாற்பத்தெட்டும் கறுப்புக் கை.

மாரிசன் அதோடு நிற்கவில்லை. எங்களையும் உங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது அவருக்குப் போதவில்லை. 1992இல் வெளியான விமர்சன நூலில் அவர் போ, மெல்வில், வில்லா கேதர், ஹெமிங்வே ஆகியோரை எடுத்துக்கொண்டு திருப்பிக் கேட்டார்: கறுப்பரே இல்லாதது போலத் தோன்றும் உங்கள் நூல்களில், சுதந்திரம் என்ற சொல்லுக்கு இத்தனை ஒளி எங்கிருந்து வந்தது? பக்கத்தில் ஒரு அடிமை நிற்காமல் வந்திருக்குமா? வரிசைக்குள் இடம் கேட்ட பேச்சு, வரிசையையே கூண்டில் ஏற்றிய பேச்சாக மாறியது. இதைப் படித்த பிறகுதான் என் முதுகலைத் தாள் எனக்கே வேறாகத் தெரிந்தது.

1990களில் ஹென்றி லூயிஸ் கேட்ஸும் நெல்லி மெக்கேயும் பதிப்பித்த ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியப் பெருந்தொகை நூல் வந்தது. அதோடு ஒரு குறுந்தகடும் இணைத்திருந்தார்கள். பாட்டு, பிரசங்கம், ப்ளூஸ் எல்லாம் அதில். எழுதத் தடை செய்யப்பட்ட மக்களின் இலக்கியத்தைக் காகிதத்தில் மட்டும் தேடினால் எப்படி? நல்ல யோசனை. ஆனாலும் எந்தத் தொகையும் அட்டைக்குள் ஒரு சுவரைக் கட்டத்தான் செய்யும். பெர்சிவல் எவரெட்டின் 'இரேஷர்' நாவலில் ஒரு கறுப்பு எழுத்தாளர் வருகிறார். கிரேக்க நாடகத்தை அடியொற்றி நாவல் எழுதுபவர். புத்தகக் கடைக்குப் போய்த் தேடினால், அவர் நூல் 'ஆப்பிரிக்க அமெரிக்கவியல்' அலமாரியில் கிடக்கிறது. அட்டையில் இருக்கும் புகைப்படத்தைத் தவிர அந்த அலமாரிக்கும் நூலுக்கும் சம்பந்தம் இல்லை. மூடிய கதவு ஒரு காலம். தனி அறை ஒரு காலம்.

அதே எவரெட் 2024இல் 'ஜேம்ஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். தேசிய நூல் விருதும், மறு ஆண்டு புலிட்சரும் பெற்றது. யார் இந்த ஜேம்ஸ்? என் முதுகலைத் தாளில் தனியாக நின்றாரே, அந்த ஜிம்! அதே ஆறு, அதே தெப்பம், ஆனால் இப்போது கதை சொல்பவர் அவர். இந்த நாவலில் அடிமைகள் தங்களுக்குள் திருத்தமான ஆங்கிலம் பேசுகிறார்கள். வெள்ளையர் வந்தால் மட்டும் கொச்சைக்கு மாறிக்கொள்கிறார்கள். டன்பாரிடம் வாசகர் கேட்டாரே, அந்தக் கொச்சைக்கு.

ஜிம்முக்கு எழுத வேண்டும். எழுதுகோல் வேண்டும். ஜார்ஜ் என்ற இன்னொரு அடிமை, எசமானிடமிருந்து ஒரு துண்டுப் பென்சிலைத் திருடிக் கொண்டுவந்து கொடுக்கிறான். அதற்காக அவனைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள், பிறகு கொன்றும்விடுகிறார்கள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் பென்சிலை ஜிம் பையில் போட்டுக்கொண்டு ஆற்றோடு போகிறார். நனைந்துவிட்டதா, தொலைந்துவிட்டதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.